அத்தை மகன் பாதியில் நிறுத்திய செய்தி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கத்தில், ராசிபுரத்தில் என் அத்தை வீட்டுத் தறிக்கூடத்தில் நடந்தது இது. அத்தை மகனுக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. முந்தின வருடம்தான் என் அம்மா காசநோயில் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அந்தக் கூடத்தில் மற்றவர்கள் நெய்துகொண்டிருக்க, ஒருவர் வாரப் பத்திரிகையை உரக்கப் படிப்பார். அந்த வாரம் விஞ்ஞானப் பகுதியில், காசநோய் ரத்தவழியாகப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வரும் என்று போட்டிருந்தார்கள். போதாதா? "பாக்கலாம், இப்ப என்ன அவசரம்?" என்று அத்தை கல்யாணத்தைத் தள்ளிவிட்டாள். எழுதினவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால், பாவு நூலுக்குப் போட வைத்திருந்த கஞ்சியை அவன் தலையில் கொட்டியிருப்பேன்.

அத்தை மகன் விடவில்லை. கூடத்தில் ஒரே வாக்குவாதம்.

"அச்சுல வந்தது பொய்யாகுமா?" என்றார் ஒருவர்.

"ஏனுங்க, எங்க பெரியப்பனுக்கும் அதே நோவுதான். புள்ளைங்கெல்லாம் குண்டுக்கல்லாட்டம் இருக்கறாங்களே!" என்றார் இன்னொருவர்.

கடைசியில் எல்லோரும் சேர்ந்து பத்திரிகைக்கே கேட்டு எழுதினார்கள்.

சில வாரம் கழித்து, டாக்டர் ஒருவர் எழுதிய திருத்தம் வந்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். அத்தை மகன் எழுந்து நின்று படித்தார். காசநோய் ரத்தவழி வருவதில்லை, முன்பு எழுதியது தவறு என்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த வரிக்குப் போனவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

"மீதியும் படிங்க மாமா" என்றேன்.

நோயாளியின் இருமலாலும் சளியாலும், கூடவே இருப்பவர்களுக்குப் பரவுமாம். அம்மாவைக் கடைசிவரை கூட இருந்து பார்த்தவள் நான்தான்.

மறுநாள் காலை அத்தை மகன் எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் அத்தை, என் முகத்தைப் பார்க்காமல்.

"கெளம்பு புள்ள. சேலம் ஆஸ்பத்திரில பாத்துட்டு வந்தறலாம்."

"இருக்குதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"இருந்தா வைத்தியம் பாக்கறது. அதுக்காவ உன்ன உட்டுருவனா? கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொல்லிட்டுத்தான் வாரேன்."

அந்த நாளில் அதற்குச் சரியான மருந்தே கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள், சளியைச் சோதித்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். அத்தைதான் முதலில் அழுதாள், என் கையைப் பிடித்துக்கொண்டு.

டாக்டர் சொன்னது சந்தோஷம்தான். ஆனால், அவர் என்ன சொல்வார் என்று தெரியும் முன்பே எனக்காக நாள் குறிக்கச் சொன்ன மனிதரோடு குடித்தனம் நடத்தினேன் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.