பொன்னம்மாள் தோளில் இருந்த விரல்கள்

உப்பளத்துச் சவரியம்மாளுக்கு மூத்த மகள் வழிப் பேத்தி ஜான்சி. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் எல்லாரும் உப்பளத்தில் உப்பு வாரினவர்கள். அந்தக் குடும்பத்தில் காலில் உப்புத் தண்ணீர் படாத வேலைக்குப் போன முதல் ஆள் இவள்தான். பாண்டிச்சேரியில் போட்டோஷாப் கற்றுக்கொண்டு வந்து, மரக்காணம் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அறிவழகன் வைத்திருந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்தாள். படத்தில் ஆளை அழிக்கிற பெண் என்றுதான் ஊரில் அவளைச் சொல்வார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிஜமாகவே அழித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு கல்யாணப் படத்தில் குறுக்கே நின்றவனை ரப்பரால் அழிக்கப் போக, மாப்பிள்ளையின் காதும் சேர்ந்து போய்விட்டது. அதற்கப்புறம், படத்தை அழிக்காமல் மேலே மறைப்பு மட்டும் போடுகிற லேயர் மாஸ்க்கை விடவில்லை. மழைக்கு முன்னால் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடுகிறோமே, அந்த மாதிரிதான். கறுப்பு பிரஷ்ஷால் தடவினால் ஆள் மறைந்துபோவான். வெள்ளையால் தடவினால் இருந்தபடியே திரும்பி வருவான்.

சுனாமி அடித்த மறு வருஷம் மங்கம்மா ஒரு பழைய படத்தோடு வந்தாள். செத்துப்போன அவள் தாய் பொன்னம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தம்பி வெங்கடாசலம் தாயின் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். பொன்னம்மாளுக்கு வேறே படம் கிடையாது. யார் உப்புப் பாத்திக்கு முதலில் தண்ணீர் பாய்வது என்று அக்காளும் தம்பியும் வரப்பிலேயே சண்டை போட்டுக்கொண்டு, அவன் கோபத்தில் ஊரை விட்டு இடையஞ்சாவடிக்கே குடி போய்விட்டிருந்தான்.

"அம்மா மட்டும் போதும் பாப்பா. அவன் மூஞ்சி என் ஊட்டுச் சொவத்துல வேணாம்" என்றாள் மங்கம்மா.

ஜான்சி படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வெங்கடாசலத்தை மறைத்து, அந்த இடத்தில் பின்னால் தொங்கிய நீலத் திரையைக் காட்டினாள். புடவை மடிப்பில் அழுந்தியிருந்த நாலு விரலை மட்டும் மறைக்க முடியவில்லை. தொட்டால் புடவையே சிதைந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். மங்கம்மா புதுப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். பழையதை அடுப்பில் போட்டாள்.

அடுத்த வருஷம் மங்கம்மாவின் மகள் வினோதினிக்குக் கல்யாணம் கூடியது. தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்களா? மங்கம்மா வீம்பை விட்டு இடையஞ்சாவடிக்கு பஸ் ஏறினாள். தம்பி வருவதாகத்தான் சொன்னான். ஆனால், தாயோடு தான் நிற்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு மண்டபத்தில் வைக்க வேண்டும், அதன் முன்னால் நின்றுதான் மாலை போடுவேன் என்றும் சொல்லிவிட்டான். அதை எரித்ததைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

தம்பியைப் பழையபடி வரவழைக்க முடியுமா என்று கேட்டாள். பொங்கல் சமயத்தில் வைரஸ் புகுந்து கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்திருந்தார்கள். சில படங்களைத்தான் முன்னமே சிடியில் ஏற்றி வைத்திருந்தாள். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தேடினாள். சிடி கிடைத்தது, மேலெல்லாம் கீறல். துப்பட்டாவால் துடைத்துப் போட்டாள். கர்ரென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. இடம் மிச்சம் பிடிக்க அடுக்கடுக்காக இருக்கிற லேயரையெல்லாம் ஒன்றாக்கிச் சேமிக்கிற பழக்கம் அப்போது இருந்ததே, இதையும் அப்படிச் செய்து தொலைத்தோமோ என்று அவளுக்குப் பயம். ஒன்றாக்கியிருந்தால் மறைத்த ஆள் திரும்பி வரமாட்டான். மங்கம்மா, அறிவழகன் வாங்கி வைத்த டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

படம் திறந்தது. ஓரத்தில் லேயர்கள் தனித்தனியாகவே இருந்தன. ஜான்சி வெள்ளை பிரஷ்ஷை எடுத்தாள். முதலில் வேட்டி வந்தது. சட்டை வந்தது. விரலோடு கை வந்து சேர்ந்தது. கடைசியில் முகம்.

மங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

"இந்த வெரல அப்பவே எடுக்க முடியல பெரிம்மா. உங்ககிட்ட சொல்லாம உட்டுட்டேன்" என்றாள் ஜான்சி.

"எனக்குத் தெரியாதா? வெளக்கேத்தறப்ப தெனம் பாப்பேன். சொன்னா அதையும் எடுத்துடுவியோன்னுதான் வாயத் தொறக்கல."

கல்யாணத்தன்று வெங்கடாசலம் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். பந்தியில் உட்கார்ந்திருந்த ஜான்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

"ஏங்க்கா, இதுல நான் கொஞ்சம் செவப்பா இருக்கற மாதிரி இருக்குதே?" என்றான்.

"இடையஞ்சாவடி வெயில்ல நீதான் கறுத்துட்ட. போயி மாலையப் போடுறா."

அவன் சிரித்துக்கொண்டே மாலையை எடுத்தான். ஜான்சி இலையில் இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.