சத்தம் வராத சிரிப்பு

நேற்று நீங்கள் ரெண்டு பேரும் போனில் யாரோ மைக் பிடித்துப் பேசுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் எட்டிப் பார்த்தேன். "உனக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்றாள் சின்னவள். பிள்ளைகளே, உங்கள் அப்பா டி.வி.யில் வந்திருக்க வேண்டியவன். வாயால் சொன்னால் உங்கம்மா உள்ளேயிருந்து "ஆரம்பிச்சிட்டாரு" என்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் எனக்கு வேலை. ஈரக் களிமண் வாசனை நாள் முழுக்க மூக்கிலேயே இருக்கும். இன்றைக்கும் எங்கேயாவது புதுச் சுவரைப் பூசினால் நான் மோந்துகொண்டு நிற்பேன், கொத்தனார் ஒரு மாதிரி பார்ப்பார். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையைக் கையில் ஏந்திக்கொண்டு கத்தியால் ஓரம் சீவ வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் நாய்க்கு மூக்கு போய்விடும். நாங்கள் செய்ததில் பாதி நாய்தான். அப்போது டி.வி. பெரிய பொட்டியாக இருக்கும், வீட்டுக்கு வீடு அதன்மேல் ஒரு பீங்கான் நாயை உட்கார வைப்பார்கள்.

சீவிக்கொண்டே நான் அந்த நாய் மாதிரி பேசுவேன். "வணக்கமுங்க. டி.வி. மேல உக்காந்திருக்கிற நாய் பேசறேன். வூடே என்னையத்தான் பாக்குதுன்னு நெனச்சிட்டு இருந்தேங்க. கரண்டு போச்சு, அம்மாம் பேரும் எழுந்து போயிட்டாங்க."

எதிரே உட்கார்ந்து சீவும் தனலட்சுமி அக்கா சிரித்துக் குலுங்க, அவர் கையிலிருந்த நாய்க்குக் காது போகும். "சிரிக்கணும்னா பொம்மையக் கீழ வச்சிட்டுச் சிரிங்க" என்று மேஸ்திரி கத்துவார். அதற்குள் என் அடுத்த ஜோக் வந்துவிடுமே. அதனால் எல்லாரும் ஒரு வழி பழகிக்கொண்டார்கள். உதட்டைக் கடித்து, தோளை இறுக்கி, கை ஆடாமல், சத்தமே வராமல் சிரிப்பது. கண்ணில் மட்டும் தண்ணீர் ஊற்றும்.

அந்த வருஷங்களில் டி.வி.யில் தனியாக நின்று காமெடி பேசும் போட்டி ஒன்று வந்தது. திருச்சியில் ஆள் எடுத்தார்கள். கூட ஆட்களை அழைத்து வரலாம், கூட்டம் எப்படிச் சிரிக்கிறது என்று பார்த்துத்தான் எடுப்போம் என்றார்கள். எனக்கு அது போதாதா? பட்டறையையே வேனில் ஏற்றினேன். டி.வி.யில் தெரியட்டும் என்று ஒரு மஞ்சள் சட்டை வேறு.

மேடையில் ஏறி நாயாகக் குந்தினேன். முன்வரிசை பூரா எங்கள் ஆட்கள். பேசப் பேச ஒரு சத்தம் இல்லை. வெறுங்கையை மடியில் ஏந்திக்கொண்டு, உதட்டைக் கடித்து, கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார்கள். பழக்கம். நான் பயந்துபோய் வேகத்தைக் கூட்டினேன். அக்கா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார், அதைப் பார்த்துப் பின்வரிசைக்காரர்களும் அடங்கிவிட்டார்கள்.

நடுவர் மைக்கை எடுத்தார். "தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க. வந்தவங்க வீட்ல ஏதாவது துக்கமா?"

"இல்லீங்க சார். சிரிக்கிறாங்க."

அதற்கு மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். இறங்கிவிட்டேன்.

திரும்பும்போது வேப்பூரில் பரோட்டாக் கடையில் நிறுத்தினோம். டி.வி. வாய்ப்பு போனதைவிட எனக்கு வேறொன்று அரித்தது.

"அக்கா, நெசமாவே சிரிச்சீங்களா? இல்ல எனக்காக நடிச்சீங்களா?"

"அட போடா. வவுறு வலி தாங்கல. பரோட்டா உள்ள எறங்கவே மாட்டேங்குது, இந்தா நீயே துண்ணு" என்று தட்டைத் தள்ளினார். ரெண்டு தட்டையும் நானே முடித்தேன்.

அந்தப் போட்டியை அப்புறம் நிறுத்திவிட்டார்கள். டி.வி. சுவரில் ஒட்டிக்கொண்டது, நாய்க்கு உட்கார இடமில்லை. பட்டறை இருந்த இடத்தில் வேன் நிறுத்துகிறார்கள். அக்கா மகனோடு திருப்பூர் போய்விட்டார். உறவுக் கல்யாணங்களில் மைக் கொடுத்தால் நான் இப்போதும் பேசுகிறேன். எல்லாரும் கை தட்டி, சத்தம் போட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.