எருமைப் பாறையும் இரண்டு பட்டைகளும்

எங்கள் ஊரில் பழைய வண்டியைக் கொஞ்சம் உயரமாக்கப் போகிறேன் என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. பல்வலி என்று சொன்னால்கூட இத்தனை பேர் வைத்தியம் சொல்ல மாட்டார்கள்.

என்னிடம் இருப்பது ஒரு பழைய பிக்கப். நான்கு சக்கரமும் இழுக்கும். முன்னும் பின்னும் வில்லாக வளைந்த இரும்புக் கமான் பட்டைகள்தான் வண்டியைத் தாங்குகின்றன. ஏதோ ஓர் எஸ்டேட்டில் உழைத்துத் தேய்ந்து என் கைக்கு வந்தபோது அந்தப் பட்டைகள் வளைவெல்லாம் போய்ப் படுத்துவிட்டிருந்தன. வண்டியின் வயிறு தரையைப் பார்த்துத் தொங்கியது. சமவெளியில் ஓட்டுகிறவனுக்கு அதனால் ஒன்றுமில்லை. என் பாடு வேறு.

கன்னிவாடிக்கு மேலே மலைத் தோட்டத்தில் என் அக்கா தனியாக இருக்கிறாள். இடுப்பில் அறுவைச் சிகிச்சை ஆனவள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் போய் அவளைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர வேண்டும். பாதையின் நடுவே எருமை படுத்திருப்பதைப் போல ஒரு பாறை. முன்சக்கரங்கள் ஏறி இறங்கிவிடும். அதற்குப் பிறகு வண்டியின் நடு வயிறு அதன்மேல் போய் உட்காரும். அதனால் அக்காவை இறக்கிவிட்டு, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓரத்தில் உருட்டுவேன். அவள் கம்பை ஊன்றிச் சரிவில் நடந்து அந்தப் பக்கம் வந்து ஏறிக்கொள்வாள். சரிவில் நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வனத்துறைப் பாதை என்பதால் பாறையைத் தொட அனுமதி இல்லை.

"ஏலே, ஒண்ணு உன் வண்டி ஒசரணும், இல்ல நான் தோட்டத்த விட்டு எறங்கணும்" என்றாள் அக்கா. "எறங்கி வந்தா உங்க வீட்டு மாடி ரூம்புல செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அதுக்கு என்னைய இங்கயே பொதச்சிரு."

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் அளக்கத் தெரியும். பாறையின் உயரத்தை ஒரு குச்சியில் வெட்டுப் போட்டு எடுத்து வந்தேன். அக்கா உட்கார்ந்திருக்கும்போது வண்டியின் வயிறு எவ்வளவு தாழ்கிறது என்று குனிந்து படுத்து அளந்தேன். மூன்று அங்குலம் வேண்டும். கையில் இருப்பதைக் கொண்டு எப்படிச் செய்வது என்று ஒரு நோட்டில் எழுதினேன். படுத்துப்போன பட்டைகளைக் கழற்றிக் காய்ச்சி, அடித்து, பழைய வளைவைக் கொண்டுவந்தால் இரண்டு அங்குலம். பட்டையின் நுனியைச் சட்டத்தோடு பிணைக்கும் சாக்கிலைச் சற்று நீளமாகப் போட்டால் கொஞ்சம். டயர் ஓர் அளவு பெரிது போட்டால் மீதி. பிரேக் குழாய் எட்டுமா என்று பார்க்க வேண்டும். கடைசி வரி: புதுப் பட்டை எதுவும் சேர்க்கக் கூடாது. அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

இனி நம் நிபுணர்களுக்கு வருவோம்.

டீக்கடையில் ஓர் இளைஞன். அவன் ஜீப்பின் டயர் என் நெஞ்சு உயரம் இருக்கும். "மாமா, ஆறு இஞ்ச் தூக்கிருங்க. அடியில இருக்கிற உருண்டைகூட மேல போயிரும், ஒண்ணும் இடிக்காது" என்றான். பட்டையைத் தூக்கினால் சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலின் நடுவில் இருக்கும் உருண்டை ஒரு நூலளவுகூட உயராது. அது சக்கரத்தோடு சேர்ந்தது, டயர் பெரிதானால்தான் உயரும். இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் ஜீப் இதுவரை கண்ட மலை பிரியாணிக் கடை வாசலில் இருக்கும் வேகத்தடை ஒன்றுதான்.

செல்போன் வீடியோவில் ஒரு வித்தகரையும் பார்த்தேன். பாதி நேரம் தன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார். மீதி நேரம் வண்டியைச் சுற்றி நடந்தார். முடிவில் "இதெல்லாம் வெறித்தனம்" என்றார். எது என்று சொல்லவில்லை.

கமான் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் வண்டியின் அடியில் குனியவே இல்லை. பின்பக்கம் ஒரு மிதி மிதித்தார்.

"அண்ணே, பக்கத்துக்கு ரெண்டு பட்டை சேத்துருவோம். லாரிப் பட்டை கெடக்கு, வெட்டிப் போட்டா கும்முனு நிக்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிற அம்புட்டு வண்டிக்கும் நான்தாண்ணே போடுறேன்."

எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வண்டி என்றால் தக்காளி மூட்டை, வெங்காய மூட்டை. தாழ்ந்தால் பட்டை சேர். உடைந்தால் இன்னும் ஒன்று சேர். வண்டியில் மனிதர்களும் ஏறுவார்கள் என்பது அவர்கள் பாடத்தில் இல்லை. நோட்டு என் சட்டைக்குள் இருந்தது. கையை உள்ளே விட்டேன். சுற்றிலும் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வெறுங்கையை வெளியே எடுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி, போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். நிபுணர்களின் வரிசையில் கடைசி மடையன் நான்.

வேலை முடிந்ததும் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அது ஒன்றுதான் பிழையில்லாமல் நடந்தது.

வண்டி உயர்ந்துதான் இருந்தது. தோட்டத்து வாசலில் அக்கா கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏணி எங்கலே?"

நாற்காலி போட்டு ஏற்றினேன். வண்டி பாறையைத் தாண்டவும் செய்தது. ஆனால் வெறும் வண்டியில் அந்த லாரிப் பட்டைகள் வளையவே இல்லை. ஒவ்வொரு கல்லும் நேராக இருக்கையில் வந்து அடித்தது. பாறையை விட்டு இறங்கும்போது ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அக்கா கத்திய கத்தலில் நான் வண்டியை நிறுத்திவிட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

"கல்லத் தாண்ட வண்டி கேட்டேன். நீ கல்லையே வண்டிக்குள்ள ஏத்திக் கொண்டாந்திருக்க. இதுக்கு முன்னாடி அந்த ஒரு எடத்துலதான் நடந்தேன். இப்ப அடிவாரம் வரைக்கும் நடக்கணும் போல."

கொஞ்சம் நின்றபின் அவளை மறுபடி ஏற்றினேன். அன்று மீதி மலையை நடை வேகத்தில் இறங்கினோம். அவள் கதவுக் கம்பியைப் பிடித்த பிடி தளரவே இல்லை. வழியில் முன்பெட்டிக்குள் கையை விட்டுத் துணி தேடியவள், நான் அங்கே போட்டு வைத்திருந்த நோட்டை எடுத்துவிட்டாள். புரட்டினாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள்.

"இத அவங்கிட்ட காட்டுனியா?"

நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

"பட்டறைக்கு விடு மொதல்ல. ஆஸ்பத்திரி செத்த நேரம் கழிச்சுப் போகலாம்."

பட்டறை வாசலில் கம்பை ஊன்றி நின்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி அக்கா அந்த நோட்டை முதல் வரியிலிருந்து படித்தாள். அவளுக்குச் சாக்கில் என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் அதிகாரமாகப் படித்தாள். எனக்குப் பட்டறையின் ஆயில் குழிக்குள் இறங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லண்ணே?"

"வைத்தியம் பாக்கிறவன்தான் எங்க வலிக்குதுன்னு கேக்கணும்" என்றாள் அக்கா. "நீ கேட்டியா அப்பு? வண்டியில யாரு ஏறுவாகன்னு கேட்டியா?"

"வெங்காயம்னு நெனச்சேங்க்கா."

"நான் வெங்காயமா?"

பட்டறையே சிரித்தது. அந்த ஆள் அப்போதுதான் முதன்முறையாக வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார்.

லாரிப் பட்டைகள் வெளியே வந்தன. பழைய பட்டைகள் நெருப்பில் காய்ந்து வளைவு பெற்றன. நீளச் சாக்கில் போட்டார்கள். ஏறுவதற்கு ஒரு படி வைத்துப் பற்றவைத்தார்கள்; அது என் நோட்டில் இல்லாதது, அக்கா கேட்டது. பெரிய டயர் வாங்கக் கையில் காசு எட்டவில்லை. அதனால் நான் எழுதிய மூன்று அங்குலம் வரவில்லை. கொஞ்சம் குறைந்தது.

அடுத்த முறை பாறை வந்தது. நான் வழக்கம்போல் வண்டியை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் இறங்கவில்லை. முந்தானையில் இருந்த கடலையைத் தின்றுகொண்டிருந்தாள். முன்சக்கரங்கள் ஏறி மெதுவாக இறங்கின. வயிற்றுக்கு அடியில் நீளமாக ஓர் உரசல் கேட்டது. பிரேக்கில் கால் வைத்தேன்.

"என்னத்த நிப்பாட்டுற?" என்றாள் அக்கா. "நான் உக்காந்துதான இருக்கேன். ஓட்டு."