கல்மரப் பூங்காவில் பெண் பார்த்தார்கள்

ஜியாலஜி முடித்துவிட்டு விழுப்புரத்தில் வீட்டோடு இருந்தபோது, என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டு, பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிடுவார். அப்படி எந்தப் பரீட்சைக்கும் நான் படிக்கவில்லை.

திண்டிவனத்தில் மரக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் மட்டும் வீட்டுக்கு வராமல் திருவக்கரை அம்மன் கோயிலுக்கு வரச் சொன்னது. பிடிக்காமல் போனால் இரண்டு பக்கமும் சாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். கும்பிட்டு முடித்து, பேச்சும் தீர்ந்துபோனபோது மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்குப் போகலாம் என்றார். கல்மரப் பூங்கா என்பதில் பூங்கா என்ற சொல்லை மட்டும் அவர் நம்பியிருக்க வேண்டும். உள்ளே நிழலைவிடச் செம்மண் மேடுதான் அதிகம். அதில் நீளநீளமாகக் கட்டைகள் கிடந்தன.

அவர் ஒன்றின் அருகே குந்தி, வளையங்களைத் தடவிப் பார்த்து, விரலால் தட்டினார். பிறகு மகனிடம், "புளி மாதிரி இருக்குதுடா. நல்லா வைரம் பாஞ்ச கட்டை. எதுக்கு இப்பிடி வெய்யில்ல போட்டு வெச்சிருக்காங்க?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஆனால் படித்ததைச் சொல்ல இத்தனை நாளில் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. மரம் விழுந்ததும் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்துவிட்டதையும், காற்று படாததால் அது மட்காமல் கிடந்ததையும், மணல் வழியே இறங்கிய நீரில் கரைந்திருந்த தாது மரத்தின் நுண்ணறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து கல்லானதையும் சொன்னேன். வளையம்கூட அப்படியே இருக்கிறது, மரம்தான் இல்லை. இதற்கெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்றேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கரையான் ஏறாதா?"

"ஏறாதுங்க."

"எழைச்சி விக்க முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா இது?"

கல்லூரியில் யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவான கேள்வி கேட்டதில்லை. ஒரு கட்டையிலும் கிளை இல்லை, பட்டை இல்லை, வேர் இல்லை, அதைப் பாருங்கள் என்றேன். இவை இங்கே நின்ற மரங்கள் இல்லை. எங்கோ ஒரு பெரிய காடு இருந்திருக்கிறது, அங்கிருந்து இவற்றை உருட்டிக்கொண்டு வர ஒரு பெரிய ஆறும் இருந்திருக்கிறது. மல்லாட்டை விதைத்துவிட்டு மழைக்கு வானத்தைப் பார்க்கிற இந்த மண்ணில் அதற்கு வேறு சாட்சி கிடையாது.

அவர் எழுந்திருக்கவில்லை. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவருடையது. தலைமுறை தாண்டியும் திண்டிவனத்தில் அது வெளியூர்க்காரர் கடைதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"அப்போ இதுங்களும் வந்ததுங்கதான்," என்று கட்டையைத் தட்டிக்கொடுத்தார். "ஆனா திருவக்கரை மரம்னுதானே போர்டு வெச்சிருக்கான்."

தனியாகப் பேசச் சொன்னபோது மாப்பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நெஜமாவே பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?"

இல்லை என்றேன்.

"நானும் அப்பாகிட்ட எக்ஸ்போர்ட் கோர்ஸ் படிச்சிக்கினு இருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன்," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அப்பா திட்டிக்கொண்டே வந்தார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு யாராவது பாடம் எடுப்பார்களா, இந்த இடமும் போயிற்று என்றார். அந்த வாரமே போன் வந்தது. பெண்ணுக்கு மரத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது, கடைக்கு ஒத்தாசையாக இருக்கும் என்றது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நான் படித்தது கல்லைப் பற்றி என்று திருத்தச் சொல்லி அப்பாவுக்கு ஜாடை காட்டினேன். "ஆமாங்க, சின்ன வயசுலேர்ந்தே மரம்னா அவளுக்கு உசுரு," என்று அப்பா போனை வைத்தார்.

இப்போது மாலையில் நானும் கடையில் உட்காருகிறேன். வீடு கட்டுகிறவர்கள் வந்து வாசக்காலுக்கு எது நல்லது என்று கேட்டால் மாமனார் பெருமையோடு என் பக்கம் கையைக் காட்டுகிறார். "எம் மருமவ டிம்பர்ல டிகிரி வாங்கனவ. அவளையே கேளுங்க."

வேங்கை என்று சொல்கிறேன். அவர்தான் சொல்லிக் கொடுத்தார்.