நாங்கள் எழுதிய பொய் நேரம்

ஜேர்மனியின் எசன் நகருக்கு அருகே ஒரு முதியோர் இல்லத்திலிருந்து முறைப்பாடு வந்தது. மருந்து அலுமாரியின் மின்பூட்டு நேரத்தைப் பிழையாகப் பதிகிறதாம். அந்தப் பூட்டைச் செய்தது எங்கள் நிறுவனம். பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

முறைப்பாடு செய்தவர் அங்கே தாதியாக இருந்த ஒரு தமிழ் அக்கா.

"தங்கச்சி, நான் ரெண்டு மணிக்குத்தான் வேலைக்கு வந்தனான். பதினொரு மணிக்கு என்ர கார்டால திறந்ததெண்டு பதிஞ்சு கிடக்கு. ஒளிச்சு வந்து, வலிக்குக் குடுக்கிற நோ மருந்து எடுத்தனானாம்." நிர்வாகம் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார்.

பதிவுகளைப் புரட்டினேன். அன்று பிற்பகல் பூட்டைத் திறந்த எல்லோருடைய நேரமும் மூன்று மணித்தியாலம் குறைவாகப் பதிந்திருந்தது. அக்காவின் ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் அடுத்த வரியைப் பார்க்கவில்லை.

அன்று காலை கட்டடத்தில் மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. நேரம் காக்கும் சிப்புக்கான பட்டன் பற்றரியும் செத்திருந்தது. கடிகாரம் நின்றுபோனால் 'என் நேரத்தை நம்பாதே' என்று அந்தச் சிப் ஓர் அடையாளம் காட்டும். சிப்போடு பேச நாங்கள் எழுதிய டிரைவர் நிரல்தான் அந்த அடையாளத்தை அழித்துவிட்டு, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து கடிகாரத்தை ஓட விட்டிருந்தது.

அலுவலகம் திரும்பி, அந்த வரிகளை வெட்டி எறிந்தேன். பூட்டில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் ஏற்கெனவே செய்யும் கணக்குகளைத் திரும்பச் செய்த பகுதிகளும் போயின. மிஞ்சிய நிரல் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது: சிப்பிடம் நேரம் கேள், அதற்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்.

"பிழைச்செய்தி வந்தால் பூட்டுப் பழுது என்று நினைப்பார்களே," என்றார் பிரிவுத் தலைவர்.

"நினைக்கட்டும். ஒரு பெண்ணைக் கள்ளி என்று நினைப்பதைவிட அது மேல்."

"சரி, புதிய நிரலைச் சேர்த்துவிடு. மாற்றக் குறிப்பில் 'நிரல் எளிமையாக்கப்பட்டது' என்று மட்டும் எழுது."

நான் அப்படி எழுதவில்லை. நடந்தது முழுவதையும் எழுதினேன். அவரிடம் கேட்காமலே, கையெழுத்திட்ட அறிக்கையொன்றை இல்லத்துக்கும் அக்காவுக்கும் அனுப்பினேன். அதற்காக எனக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

சில வாரங்களில் அக்கா தொலைபேசியில் அழைத்தார்.

"கடிதத்தைத் திருப்பி எடுத்திட்டினம். மன்னிப்பெண்டு ஒரு சொல் இல்லை. காணாததுமாதிரிப் போகினம்."

"நீங்கள் என்ன செய்யப் போறியள், அக்கா?"

"வேற இடத்தில வேலை எடுத்திட்டன். அடுத்த மாதம் போறன். அவையளின்ர முகத்தில இனி முழிக்க ஏலாது."

"ஓம், போங்கோ அக்கா," என்றேன்.