இனித்தது, சர்க்கரை இல்லை

திருத்தங்கல் அச்சகத்தில் வேலை செய்யும் என் கணவர், காலண்டர் சீசனில் தொண்டைப் புண்ணோடு வீடு திரும்பினார். சர்க்கரை மாத்திரையைப் போட்டவர், "முழுங்க முடியல" என்று சோற்றை ஒதுக்கிவிட்டார். சர்க்கரை சேர்க்காத இருமல் மிட்டாயைக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கை நடுங்கிக் கண்டபடி பேசினார். சர்க்கரை இறங்குகிறதென்று புரிந்து, இன்னொரு மிட்டாயை வாயில் வைத்தேன். அதில் சர்க்கரையே இல்லை என்பது பதற்றத்தில் தோன்றவில்லை. துப்பிவிட்டு என்னை ஓங்கி அறைந்தார். குடத்தைத் தூக்கி என்மேல் எறிந்தார். அதுவரை என்மேல் கை ஓங்காத மனிதர்.

பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த என் அண்ணன், "குடிச்சிட்டு வந்து அடிக்கியாலே" என்று அவரைக் கீழே தள்ளி மிதித்தார்.

"குடிக்கலண்ணே, சர்க்கரை எறங்கிருச்சு. மிட்டாய் குடுத்தும் கேக்கல."

அண்ணன் மிட்டாய் உறையைப் பார்த்தார். "இதுல ஏது சர்க்கரை? சீனியக் கரைச்சிட்டு வா."

அதைக் குடித்துத் தெளிந்தவர், வீங்கிய என் கன்னத்தைப் பார்த்து, "யாரு ஒன்ன அடிச்சது?" என்று எழப் பார்த்தார்.

இப்போது அவர் சாப்பிட்டால்தான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறேன். இருமல் மிட்டாய் இருக்குமிடத்தில் சீனிப் பொட்டலமும் இருக்கிறது. அவர் கேட்டதற்கு மட்டும் நானும் அண்ணனும் இன்னும் பதில் சொல்லவில்லை.