வெயில் நேரத்து அணி

புவனேஸ்வரிக்கு முகம் ஒரு நிறம், கழுத்துக்குக் கீழே ஒரு நிறம். குளத்தூர்ப் பக்கம் இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் பெண்கள் டென்னிஸ் அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்த பிறகு முகத்தில் ஏறிய வெயில் கறுப்பு அது. ஒரே கோர்ட், ஒரே வலைதான். ஆனால் ஆண்கள் அணிக்கு விடியற்காலையும் சாயங்காலமும். இருட்டிவிட்டால் ஃபிளட் லைட். திருச்சியிலிருந்து வந்துபோகும் கோச். ஆடி முடித்ததும் முட்டையும் பாலும். பெண்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு மொட்டை வெயில். சிமென்ட் தரை ஷூவைத் தாண்டிச் சுடும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று அவள் வாய்விட்டே சொல்லுவாள்.

அந்தச் சுண்ணாம்பைக் குழைத்ததில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதுதான் வயிற்றெரிச்சல். அவள் சேர்ந்த புதிதில் அணியில் ஒரு பெண்கூட இல்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அரிமளம், குன்றாண்டார்கோவில் என்று வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெற்றவர்கள் கேட்டது ஒன்றுதான்: பிள்ளை எப்போது வீடு திரும்பும்? "பொழுது சாயறதுக்குள்ள வீட்டுல இருக்கும், நான் பொறுப்பு" என்று எல்லா வீட்டிலும் வாக்குக் கொடுத்தாள். பெண்கள் சேர்ந்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நிர்வாகம் அந்த வாக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பெண்களை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டது.

அணியிலேயே கெட்டிக்காரி சத்யா. குன்றாண்டார்கோவிலில் டிராக்டர் ஓட்டும் வீரய்யாவின் மகள். அவள் சர்வீஸ் போடுவதைப் பார்க்க ஆண்கள் அணிப் பையன்களே வேலியோரம் வந்து நிற்பார்கள். இந்த வருடம் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிக்கு இரண்டு அணிகளும் போவதென்று முடிவானது. பெரிய ஆட்டங்கள் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் என்று தெரிந்ததும் புவனேஸ்வரிக்குத் தூக்கம் போயிற்று. அவளுடைய பெண்கள் விளக்கடியில் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

விளையாட்டுத் துறை இயக்குநர் வசந்தகுமாரிடம் போய், ஒரு வாரமாவது லைட் வேண்டும் என்று கேட்டாள்.

"நீங்க கொடுத்த வாக்குதானே மேடம்? அப்பாமாரு சம்மதிச்சா எனக்கென்ன?" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

நேரே வீரய்யா வீட்டுக்குப் போனாள். "ஒரு வாரந்தாங்க. நானே ஸ்கூட்டியில கொண்டாந்து விட்டுர்றேன்" என்று கெஞ்சினாள்.

"ஒங்க வாக்கச் சொல்லித்தான் டீச்சர் பங்காளிக வாயையெல்லாம் அடைச்சு வச்சிருக்கேன். இருட்டுன பொறவு புள்ள தெருவுல வந்து எறங்குனா, எம்மொகத்த எங்க கொண்டுபோய் வைக்க?" என்றார் வீரய்யா.

"போட்டியில ராத்திரிதானே ஆடணும்?"

"அது வெளியூரு. அங்கிட்டு நம்மள யாரு பாக்கப் போறாக? தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

போனார்கள். பகலில் நடந்த ஆட்டங்களில் சத்யா எதிராளிகளை ஓடவிட்டு அடித்தாள். காலிறுதி விளக்கடியில். எதிரே நின்ற பெண் விவரமானவள்; சத்யா திணறுவதைக் கண்டதும் பந்தைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் போட்டாள். சத்யா அண்ணாந்தால் கண் கூசியது. மட்டை வெறும் காற்றை அடித்தது. பெண்கள் அணி காலிறுதியோடு வெளியேறியது. ஆண்கள் அணி மூன்றாம் பரிசோடு ஊர் திரும்பியது.

அடுத்த வாரக் கூட்டத்தில் வசந்தகுமார் இரண்டு அணிகளையும் தராசில் வைத்தார். "ரெண்டு டீமுக்கும் ஒரே கோர்ட்டு, ஒரே நெட்டு. பசங்க கப்பு கொண்டாந்தாங்க. பொண்ணுங்க என்ன கொண்டாந்தாங்க?" பெண்கள் அணியைக் கலைத்துவிட்டு, புவனேஸ்வரியை யோகா வகுப்புக்கு மாற்றினார். அவள் லைட்டைப் பற்றி வாயெடுத்தாள்.

"ஒங்க வாக்க நாங்க ஒருநாளும் மீறலையே மேடம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

கொதித்துப்போய் வெளியே வந்தவள் சத்யாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "அந்த ஆளும் ஒங்கப்பாவும் சேந்து ஒன் வெளையாட்டக் கெடுத்துட்டாங்க" என்றாள்.

சத்யா அழவில்லை. மட்டையை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"எங்க வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தீங்க மேடம். ரெண்டு தடவையும் அப்பாகிட்டத்தான் பேசுனீங்க. நானும் அங்கனதான் நின்னேன். என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

புவனேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். கேட்கவே இல்லை.